பழைய வேனும் பாட்டுப் பெட்டியும்

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால், எங்கள் பகுதி வழியாகப் போகிற சுற்றுலா வேன்களைக் கண்ணை மூடிக்கொண்டே எண்ணிவிடலாம். தென்காசி பக்கம் போகிறவை பழைய பேட்டை வழியாகப் போகும். பாபநாசம் போகிறவை சேரன்மகாதேவி ரோட்டைப் பிடிக்கும். முதலில் 'டும் டும்' என்று ஓர் அதிர்வு வரும். வீட்டு ஜன்னல் கண்ணாடி அதற்குப் பதில் சொல்லும். அப்புறம்தான் வேன் வரும். அது கடந்து போன பிறகும் என்ன பாட்டு ஓடியது என்று தெருவில் யாருக்கும் தெரியாது. உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்காவது தெரிந்ததா என்பது என் சந்தேகம்.

வேனில் பாட்டே கூடாது என்று சொல்கிற கட்சியில் நான் இல்லை. நீண்ட பயணத்தில் பாட்டு இல்லாவிட்டால் எனக்கும் பொழுது போகாது. ஆனால் ஒரு கருத்து உண்டு, அதை இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். பழைய வண்டியில் ஒலியைத் திருத்த நினைப்பவர், கையில் இருக்கும் பணத்தில் முதல் பாதியை வண்டியின் இரைச்சலைக் குறைப்பதற்குச் செலவழிக்க வேண்டும். மீதிப் பாதிதான் பாட்டுப் பெட்டிக்கு. நம் ஊரில் நடப்பது நேர்மாறு. முழுப் பணமும் பெட்டிக்குப் போகிறது. இரைச்சல் அப்படியே இருக்கிறது. பிறகு அந்த இரைச்சலை ஜெயிப்பதற்காகப் பெட்டியை இன்னும் கூட்டுகிறார்கள்.

என் பள்ளிப் படிப்பு புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் நடந்தது என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். அப்பா பேட்டைக்காரர், பிழைப்புக்கு அங்கே போனவர். பிரெஞ்சில் காதுக்கு வருவதை இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். 'ஸோன்' என்றால் ஒலி. 'ப்ரூயி' என்றால் இரைச்சல். நாமோ இரண்டையும் 'சத்தம்' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம். "சத்தமாப் பாடு" என்றாலும் சத்தம், "சத்தம் போடாதே" என்றாலும் சத்தம். இன்னொரு வேடிக்கை, அதே 'ஸோன்' என்ற சொல்லுக்கு பிரெஞ்சில் தவிடு என்றும் பொருள் உண்டு. இப்போது வேன்களில் ஓடுவதைக் கேட்டால், அவர்கள் இரண்டாவது பொருளைத்தான் எடுத்துக்கொண்டார்களோ என்று தோன்றுகிறது. அரிசியை விட்டுவிட்டுத் தவிட்டை அள்ளுகிறார்கள்.

இதை நான் ஏட்டுச் சுரைக்காயாகச் சொல்லவில்லை. என் தங்கை மகன், எனக்கு மருமகன் முறை, டிராவல்ஸ்காரர் ஒருவரிடமிருந்து பன்னிரண்டு சீட் பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கினான். பின்பக்க சீட்டுகளைக் கழற்றிவிட்டு இரண்டு கட்டில், ஒரு மடக்குப் பலகை, தண்ணீர் டிரம் எல்லாம் வைத்தான். வெளிநாட்டில் மோட்டார் ஹோம் என்பார்கள். சினிமாக்காரர்கள் கேரவன் என்பார்கள். நம் வயசுக்காரர்களுக்குக் 'கார்வான்' என்றால் சரிகம கம்பெனி 2017-ல் கொண்டுவந்த, பழைய பாட்டுகள் நிரப்பிய பெட்டிதான் ஞாபகம் வரும். எங்கள் வீட்டில் இந்த வண்டிக்குப் பெயர் 'கட்டில் வேன்'. இடையில் ஒரு வார்த்தை. சீட்டைக் கழற்றி வண்டியின் அமைப்பை மாற்றுகிறவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 52. காகிதம் சரியாக இல்லாத வண்டியில் எவ்வளவு நல்ல பாட்டு ஓடினாலும் எனக்கு நிம்மதியாக இருக்காது. குமாஸ்தா புத்தி, மன்னிக்கவும்.

வண்டி தயாரானதும் பாட்டுக்கு ஏற்பாடு. டவுனில் ஒரு கடையில் விசாரித்துவிட்டு வந்து சொன்னான்.

"மாமா, 2000 வாட்டுங்கான். பெரிய பாக்ஸு. பின்னால கட்டிலுக்கு அடியில வச்சிரலாம்ங்கான்."

"அதுக்குக் கரண்டு எங்கேருந்து வருதாம்?"

"பேட்டரியிலேருந்துதான்."

"ஃப்யூஸ் எத்தனை ஆம்பியர் போடுதானாம்?"

"முப்பது."

நான் சயின்ஸ் படித்தவன் அல்ல. முப்பத்து நான்கு வருஷம் பில் சரிபார்த்தவன். கூட்டுத்தொகை உதைத்தால் எனக்குத் தெரிந்துவிடும். வண்டி ஓடும்போது பேட்டரியில் சுமார் 14 வோல்ட் இருக்கும். 14-ஐ 30-ஆல் பெருக்கினால் 420 வாட். அதற்கு மேல் தொடர்ந்து இழுத்தால் ஃப்யூஸ் போய்விடும். அந்த 420-லும் ஒரு பகுதி ஆம்ப்ளிஃபயரிலேயே சூடாகிப் போகும். அப்புறம் 2000 எங்கிருந்து வந்தது? அட்டைப்பெட்டியின் மேல் அச்சடித்ததிலிருந்து வந்தது. பெட்டியில் பி.எம்.பி.ஓ. என்றோ 'மேக்ஸ்' என்றோ போட்டிருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். ஆர்.எம்.எஸ். என்று போட்டிருக்கும் எண் ஒன்றுதான் கணக்கில் வரும். டேஷ்போர்டில் பொருத்துகிற சாதாரண செட்டில் '50 வாட் பெருக்கல் 4' என்று எழுதியிருப்பான். உண்மையில் ஒரு ஸ்பீக்கருக்கு 20 வாட் பக்கம் கிடைத்தால் பெரிது.

அந்த 20 வாட்டே போதும் என்பதுதான் விஷயம். வாட்டை இரண்டு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது 'கொஞ்சம் கூடியிருக்கிறது' என்ற அளவுதான். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமென்றால் வாட் பத்து மடங்காக வேண்டும். இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். வண்டியின் இரைச்சலை 3 டெசிபல் குறைத்தால், அது ஆம்ப்ளிஃபயரை இரண்டு மடங்காக்கியதற்குச் சமம். 6 டெசிபல் குறைத்தால் நான்கு மடங்கு. குறைப்பதற்கு வேண்டியது ஸ்குரூ டிரைவரும், கொஞ்சம் ரப்பரும், ஒரு ஞாயிற்றுக்கிழமையும்.

மருமகனுக்கு இந்தக் கணக்கு பிடித்துவிட்டது. பணம் மிச்சம் என்பதால் இருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று ஆரம்பித்தது மூன்று ஞாயிறுகள் ஆனது.

முதலில் வண்டியை ஓடவிட்டு, ஒருவர் ஓட்ட, ஒருவர் உள்ளே கையை வைத்து எங்கே கடகடக்கிறது என்று தேடினோம். பழைய வேன் என்பது தகரத்தால் செய்த ஒரு மேளம். ஜன்னல் கண்ணாடிகள் சட்டத்துக்குள் ஆடிக்கொண்டிருந்தன. ரப்பர் பீடிங் காய்ந்து சுருங்கியிருந்தது. மேலே சாமான் வைக்கும் தட்டு, லைட் மூடி, பின்கதவின் தாழ்ப்பாள், ஸ்டெப்னி வளையம் என்று ஒவ்வொன்றும் தனித்தனி ராகம். திருகை இறுக்கியும், இடையில் ஃபெல்ட் துணி வைத்தும், புது பீடிங் போட்டும் பாதிக் கச்சேரியை நிறுத்தினோம். கதவுத் தகரத்தின் உட்பக்கம் ஒட்டுவதற்கென்று தடித்த ரப்பர் தாள் கடைகளில் கிடைக்கிறது. தகரம் முழுவதும் ஒட்ட வேண்டியதில்லை. நடுவில் கால்வாசி இடத்தில் ஒட்டினாலே, தட்டும்போது 'டங்' என்றது 'டக்' என்று மாறிவிடுகிறது.

அடுத்தது என்ஜின் மூடி. இந்தப் பழைய வேன்களில் ஓட்டுநருக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவே என்ஜினின் ஒரு பகுதி உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். அதை மூடும் மூடியின் ஓரத்து ரப்பர் போயிருந்தால், டீசல் இரைச்சல் முழுவதும் உள்ளேதான். புது ரப்பரும், வெப்பம் தாங்குகிற தீப்பிடிக்காத விரிப்பும் போட்டோம். இந்த இடத்தில் பஞ்சு, தேங்காய் நார், பழைய மெத்தைத் துண்டு என்று எதையும் திணித்துவிடாதீர்கள். சூடான என்ஜின் பக்கத்தில் அது அடுப்புக்குப் பக்கத்தில் வைத்த சுள்ளி மாதிரி.

பத்தமடைப் பாயைச் சுற்றிலும் ஒட்டினால் சத்தம் குறையுமா என்று கேட்டவர்கள் உண்டு. பார்க்க அழகாக இருக்கும், ஒலியைக் குடிக்காது. அதற்குக் கனமும் தடிப்பும் வேண்டும். ஜன்னலுக்குக் கனத்த திரையும், கட்டிலில் மெத்தையும், தரையில் தடித்த மேட்டும் அந்த வேலையைச் செய்யும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் ஸ்பீக்கர். பின்னால் ஒரே பெரிய பெட்டி வைத்தால் என்ன ஆகும்? முன்னால் இருப்பவருக்குக் கேட்க வேண்டுமென்று கூட்டும்போது, பின்னால் இருப்பவர் காது கிழியும். கல்யாண வீட்டில் ஸ்பீக்கர் பக்கத்தில் பந்தி கிடைத்தவரைக் கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதிலாக ஆறு அங்குல ஸ்பீக்கர் நான்கை வண்டியின் நீளத்துக்குப் பிரித்து, உட்கார்ந்தவரின் காது உயரத்துக்குக் கொஞ்சம் கீழே வைத்தோம். ஒவ்வொன்றும் மெதுவாகப் பாடினால் போதும். யாரும் யாருக்காகவும் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஸ்பீக்கரைத் தகரத்தில் ஓட்டை போட்டு அப்படியே திருகிவிடக் கூடாது. கோன் முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் இடுக்கு வழியாகக் கலந்துவிட்டால், மிருதங்கத்தின் தொப்பிச் சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும். நனைந்தாலும் உப்பாத பிளைவுட்டில் ஒரு வளையம் வெட்டி, இடைவெளி இல்லாமல் ஒட்டி, அதன்மேல் பொருத்த வேண்டும். பெரிய பாஸ் பெட்டி வேண்டும் என்று கேட்பவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியது இந்த வளையம்தான்.

வயர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. செம்புபோல் தெரிகிற, உள்ளே அலுமினியம் இருக்கிற வயர் விலை மலிவு. அதே கனத்தில் செம்பை விடக் குறைவான கரண்டுதான் தாங்கும். பேட்டரியிலிருந்து வரும் வயருக்கு, பேட்டரிக்கு ஒரு முழத்துக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். ஃப்யூஸ் செட்டைக் காப்பாற்றுவதற்கு மட்டும் அல்ல. வயர் எங்காவது தகரத்தில் உரசித் தோல் உரிந்தால், வண்டி தீப்பிடிக்காமல் காப்பாற்றுவதும் அதுதான். கட்டில் போட்டு ஆள் தூங்குகிற வண்டியில் இதை இரண்டு தடவை சரிபார்க்க வேண்டும்.

ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது பாட்டுக்கு நடுவே கொசு மாதிரி ஒரு 'ங்ஙீ' கூடிக் கூடி வந்தால், அது ஆல்டர்னேட்டர் சத்தம். எர்த் வயர்களை எல்லாம் ஒரே இடத்தில் பெயிண்ட் சுரண்டி இறுக்கிவிட்டு, பாட்டு வரும் வயரை ஒரு பக்கமும் பேட்டரி வயரை மறுபக்கமும் ஓட்டினால் பெரும்பாலும் போய்விடும். ரேடியோ கரகரத்தால், சிகரெட் லைட்டரில் செருகியிருக்கும் மலிவான போன் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். திருநெல்வேலி வானொலி 1963 டிசம்பரில் தொடங்கிய நாளிலிருந்து கேட்டு வருகிறவர்கள் நம்மில் உண்டு. அவர்கள் டிரான்சிஸ்டரை வேனுக்குள் வைத்துவிட்டு "ஸ்டேஷன் எடுக்க மாட்டேங்குது" என்பார்கள். தகரக் கூண்டுக்குள் அலை நுழையாது. வெளியே ஏரியல் வேண்டும்.

கடைசியாக பேட்டரி. அருவிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு மூன்று மணி நேரம் பாட்டுப் போட்டால், திரும்பும்போது ஸ்டார்ட் ஆகாது. அப்படி நின்ற வண்டியை ஈரத்துணியோடு பத்துப் பேர் தள்ளுகிற காட்சி ஒவ்வொரு சீசனிலும் உண்டு. பாட்டுக்கும் விளக்குக்கும் தனி பேட்டரி வைத்து, என்ஜின் ஓடும்போது மட்டும் அது சார்ஜ் ஆகும்படி ஒரு ரிலே போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. தனி பேட்டரியைச் சேர்க்காமல் எங்களுக்கு ஆன செலவு சுமார் 14,000 ரூபாய்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

என் மூத்த அக்காவுக்கு வயது 84. முன்பெல்லாம் குடும்பத்தோடு திருச்செந்தூர், பாபநாசம் என்றால் முதல் ஆளாகப் பையை எடுத்து வைப்பாள். நாலைந்து வருஷமாக எதற்கும் வருவதில்லை. கால்வலி என்பாள், வெயில் என்பாள். வயசாகிவிட்டது, விருப்பமில்லை என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னாள்.

"எதுக்குப்பா வரணும்? நீங்கல்லாம் பேசிச் சிரிப்பீக. எனக்கு வாயசைக்கிறது மட்டும் தெரியும். வீட்டுல தனியா இருக்கலாம். அத்தனை பேருக்கு நடுவுல தனியா இருக்கதுதான் கஷ்டம்."

வயதான காது எல்லா ஒலியையும் ஒரே மாதிரி இழப்பதில்லை. மேல் ஸ்தாயியைத்தான் முதலில் இழக்கும். ச, த, ப, க என்று சொற்களைப் பிரித்துக் காட்டும் மெய்யெழுத்துகளின் கூர்மை பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. என்ஜின் உறுமலும் பாஸ் அதிர்வும் கீழே இருக்கின்றன. அவை அக்காவுக்கு நன்றாகவே கேட்கும். அவற்றுக்கு நடுவே பேச்சு மூழ்கிப் போகும். காது மிஷின் வைத்திருந்தாலும், அது பேச்சோடு சேர்த்து இரைச்சலையும்தான் கூட்டிக் கொடுக்கும். "பெரியம்மாவுக்குக் காது கேட்கலை, சவுண்டைக் கூட்டு" என்று பிள்ளைகள் பாசத்தோடு செய்வது, அவளை இன்னும் தள்ளி உட்கார வைக்கிறது.

வேலை முடிந்த பிறகு மருமகன் நேரில் போய்க் கூப்பிட்டான். செட்டில் பாஸைக் கொஞ்சம் இறக்கி, 2000 முதல் 4000 வரை உள்ள பகுதியைக் கொஞ்சம் ஏற்றியிருந்தான். அவளுக்கு இடது காது மந்தம். அதனால் இரண்டு பக்கமும் ஒரே ஒலி வருகிற மாதிரி 'மோனோ'வில் வைத்தான். பாபநாசம் போனோம். சேரன்மகாதேவி தாண்டுகிற வரை அக்கா ஒன்றும் பேசவில்லை. அப்புறம் பாட்டில் ஒரு வரியைப் பிடித்து, கூடவே முணுமுணுத்தாள். பேத்தி பின்னாலிருந்து ஏதோ கேட்க, திரும்பாமலேயே பதில் சொன்னாள். வண்டியில் எல்லோரும் ஒரு நிமிஷம் அமைதியாகிவிட்டோம். அதற்குப் பிறகு அம்பாசமுத்திரம் வரை அவள்தான் பேசினாள். தாமிரபரணியில் வெள்ளம் வந்த கதை, எங்கள் அப்பா படித்துறையில் வழுக்கி விழுந்த கதை, பாதி எனக்கே தெரியாத கதைகள். பாட்டு மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. யாரும் நிறுத்தவும் இல்லை, கூட்டவும் இல்லை.

ஒலி நன்றாக இருக்கிற வண்டிக்கு இதுதான் அளவுகோல் என்பேன். பாட்டு ஓடும்போது கடைசி சீட்டுக்காரர் முன் சீட்டுக்காரரோடு குரல் உயர்த்தாமல் பேச முடிகிறதா? முடிந்தால் நல்ல செட். முடியாவிட்டால் இரண்டு லட்சம் கொடுத்திருந்தாலும் மோசமான செட்.

இளைஞர்கள் கேட்பார்கள், "டூர்னா ஒரு குத்துப்பாட்டு கூட வேண்டாமா தாத்தா?" என்று. தாராளமாகப் போடுங்கள். ஒன்றிரண்டு பாட்டுக்குக் கூட்டி வைத்து ஆடினால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. கணக்கு நேரத்தில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு, 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 என்றால் 4 மணி நேரம்தான். பேட்டையிலிருந்து சபரிமலை போய்த் திரும்பும் ஒரே பயணத்தில் அந்த வாரக் கணக்கு தீர்ந்துவிடும். அந்த வண்டியை மறுநாளும் ஓட்டப் போகும் டிரைவர் தம்பியின் காதை யார் கணக்கில் வைக்கிறார்கள்?

டிரைவரைப் பற்றி இன்னொன்று. ராத்திரிப் பயணத்தில் "பாட்டைக் கூட்டு, டிரைவர் தூங்கிடக் கூடாது" என்பது நம் ஊர் நம்பிக்கை. பாட்டு தூக்கத்தை விரட்டாது, சில நிமிஷம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். தூக்கத்துக்கு மருந்து தூக்கம். பின்னால் கட்டில் இருக்கிற வண்டியில் அவரை ஒரு மணி நேரம் படுக்க வையுங்கள். பின்னால் வரும் ஆம்புலன்ஸும், பக்கத்தில் வரும் பைக்காரரின் ஹாரனும் அவர் காதில் விழுகிற அளவுக்குத்தான் பாட்டு இருக்க வேண்டும்.

வெளியே இருப்பவர்களும் மனிதர்கள்தான். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல் வரம்பு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. பாபநாசத்துக்கு மேலே காரையார் பக்கம் போனால் அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அங்கே பாட்டை அணைத்துவிடுவதுதான் மரியாதை. அந்தக் காட்டில் கேட்பதற்கு வேறு நிறைய இருக்கிறது.

ஆகவே, பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இந்த வரிசையில் செலவழியுங்கள்: முதலில் ஸ்குரூவும் ரப்பரும், இரண்டாவது என்ஜின் மூடி, மூன்றாவது நல்ல வயரும் ஃப்யூஸும், நான்காவது சிறிய ஸ்பீக்கர்கள் நான்கு. ஐந்தாவதாகப் பணம் மிஞ்சினால் ஆம்ப்ளிஃபயர் வாங்கலாம். நான்காவதோடு நிறுத்திவிட்டு, மிஞ்சிய பணத்தில் டீசல் போட்டு, வீட்டில் 'கால்வலி' என்று உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.